இடுப்பு வலியும் மனநிறைவும்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் நம் பாட்டன்மார்க்கு உடையவர் பிறந்த ஊர் என்பதுதான் நினைவுக்கு வரும். 1017-ஆம் ஆண்டில் இராமாநுசர் தோன்றிய அத்தலத்தைச் சுற்றி ஏரிப்பாசன வயல்கள் பரந்து கிடந்தன. இன்று அவ்வூரின் பெயரைச் சொன்னால் நம் வகுப்பு நண்பர்களின் மனக்கண்ணில் தோன்றுவது கம்பெனி பஸ். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது. 2000-இல் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை வந்தது. 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிஸ்ஸான் கார் ஆலையும், 2012-இல் டெய்ம்லர் லாரி ஆலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் எழுந்தன. இவற்றுக்கு உதிரிப் பாகம் செய்து தரும் சிறு ஆலைகளோ எண்ணில் அடங்கா.

இங்கு உருவாகும் வண்டிகளைப் பற்றி எழுதுவோர் பலர். அவற்றை உருவாக்குவோரின் இடுப்பைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவனாக நான் சேர்ந்ததற்குக் காரணம் என் அண்ணன். அவர் ஒரகடத்தை அடுத்த ஓர் உதிரிபாக ஆலையில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவருக்கு வந்த வலியும், அதற்குச் செய்த அறுவை மருத்துவமும், அதன்பின் "திருப்தியா?" என்று மருத்துவமனை கேட்ட ஒரு கேள்வியும் என்னை நூலகத்துக்கு இழுத்துச் சென்றன. அங்கு கற்றதையும் வீட்டில் கண்டதையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

வலி எங்கே?

அண்ணனுக்கு வலி தொடங்கியது வலப்புற இடுப்பில். வேலை முடிந்து அறைக்குத் திரும்பிக் காலணியின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தால் சுரீர் என்று இழுக்கும். சில மாதங்களில் அது பிட்டத்திலும் தொடையின் பின்புறத்திலும் இறங்கியது. முதலில் சென்ற மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். "டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன்தான் வழி" என்றார்கள். அம்மா பேசாமல் உள்ளே சென்று தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு வந்தார். அந்தச் சங்கிலி ஒரு வாரம் சாமி மாடத்தில் இருந்தது.

அந்த ஒரு வாரத்தில் உறவினர் ஒருவரின் வற்புறுத்தலால் சென்னையில் வேறொரு மருத்துவரிடம் சென்றோம். அவர் படத்தைப் பார்ப்பதற்கு முன் அண்ணனைப் பார்த்தார்.

"தம்பி, உள்ளங்கையால காட்டாதப்பா. ஒரே ஒரு விரலால காட்டு. எங்க வலிக்குது?"

அண்ணன் விரலை வைத்த இடம் முதுகெலும்பின் மேல் இல்லை. அதிலிருந்து ஒரு கையகலம் தள்ளி, பெல்ட் அமரும் இடத்து எலும்பின் விளிம்பில் இருந்தது. மருத்துவர் அங்கே கட்டைவிரலை அழுத்தினார். அண்ணன் துள்ளினார். வலி தொடைவரை ஓடியது. "இந்த வலிதானா, வேற வலியா?" என்று மருத்துவர் கேட்டார். "இதேதான் சார்" என்றார் அண்ணன்.

அன்றே அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி ஒன்று போட்டார்கள். கால்மணி நேரம் கழித்து அண்ணன் குனிந்து, தன் காலணிக் கயிற்றைத் தானே கட்டினார். மருந்தின் வேகம் குறைந்ததும் வலி திரும்பியது உண்மை. ஆனால், வலியின் ஊற்று எது என்பது அந்தக் கால்மணி நேரத்தில் விளங்கிவிட்டது.

படத்தில் தெரிவதும் உடம்பில் வலிப்பதும்

முதல் மருத்துவமனை பொய் சொன்னதாக நான் கருதவில்லை. படத்தில் டிஸ்க் பிதுங்கித்தான் இருந்தது. கேள்வி என்னவெனில், அந்தப் பிதுக்கம்தான் வலியைத் தந்ததா?

1934-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்னும் இரு மருத்துவர்கள், முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள தட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதால் கால்வலி வருவதை எடுத்துக்காட்டினர். மருத்துவ வரலாற்றில் அது ஒரு பெரிய விளக்கு. ஆனால், அந்த வெளிச்சத்தில் வேறு காரணங்கள் பல கண்ணுக்குத் தெரியாமல் போயின.

1994-இல் வெளியான ஓர் ஆய்வு நாம் அறிந்துகொள்ள வேண்டியது. ஜென்சன் என்பவரும் அவர் குழுவினரும் இடுப்பு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தனர். அவர்களில் 52 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஓரிடத்தில் தட்டு உப்பியிருந்தது. எல்லாத் தட்டுகளும் குறையின்றி இருந்தவர்கள் 36 விழுக்காட்டினர் மட்டுமே. வலியே இல்லாதவர் படத்தில் இத்தனை இருக்குமானால், வலியுள்ளவர் படத்தில் ஒரு பிதுக்கத்தைக் கண்டதும் அதுவே குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது அவசரமாகும். தலைக்கு நரை வந்தது போல், தட்டுக்கும் வயதாகிறது, அவ்வளவே.

இறுகிய வாசல்

இனி அந்தச் சிறு நரம்பின் கதைக்கு வருவோம். நம் விலங்கியல் துறை அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் எலும்புக்கூட்டை நண்பர்கள் பார்த்திருப்பீர்கள். அதன் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு ஏரிக்கரை போல் வளைந்து செல்லும். முதுகுத்தண்டிலிருந்து பின்புறமாகப் பிரியும் சில மெல்லிய நரம்புக் கிளைகள் தசைகளின் ஊடே சரிந்து இறங்கி, அந்தக் கரையைத் தாண்டிப் பிட்டத்தின் தோலை அடைகின்றன. மருத்துவ நூல்கள் இவற்றை மேல் குளூனியல் நரம்புகள் என்கின்றன. இலத்தீன் மொழியில் குளூனிஸ் என்றால் பிட்டம்.

இவற்றில் உட்புறமாகச் செல்லும் கிளை, நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 7 செ.மீ. தள்ளிக் கரையைத் தாண்டுகிறது. தாண்டும் இடத்தில் ஒருபுறம் எலும்பு, மறுபுறம் தசைகளைப் போர்த்தியிருக்கும் உறுதியான நார்ச்சவ்வு. ஏரி மதகு போன்ற அந்தக் குறுகிய வாசலில் நரம்பு புகுந்து வரவேண்டும். குனியும்போதும் திரும்பும்போதும் சவ்வு இழுபடுகிறது. சிலருக்கு வாசல் இறுகி நரம்பை நெரிக்கிறது. மணிக்கட்டில் நரம்பு நெரிந்து விரல்கள் மரத்துப்போகும் நோயைப் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். அதன் உறவினர்தான் இதுவும்.

இது நேற்றுக் கண்ட நோயன்று. 1957-இல் ஸ்ட்ராங், டாவிலா என்னும் இருவர் இதனைத் தனி நோயாக விவரித்து எழுதினர். அவர்கள் எழுதியது தொழிலக மருத்துவ இதழ் ஒன்றில் என்பது கவனிக்கத்தக்கது. பின்னர் இதனை விரிவாக ஆராய்ந்தவர்கள் ஜப்பானியர். அவர்களில் முன்னோடியான இசு என்னும் நரம்பு அறுவை மருத்துவர் பணியாற்றியது ஹொக்கைடோத் தீவில் உள்ள குஷிரோ ரோசாய் மருத்துவமனை. ரோசாய் என்றால் தொழில் விபத்து. அதாவது, அது தொழிலாளர்க்கென எழுந்த மருத்துவமனை.

2014-இல் வெளியான மற்றொரு ஜப்பானிய ஆய்வில், இடுப்பு வலியும் கால் உபாதையும் கொண்டு வந்த 834 நோயாளிகளைச் சோதித்தனர். அவர்களில் 113 பேருக்கு, அதாவது 14 விழுக்காட்டினருக்கு, இந்நரம்பே காரணமாக இருக்கலாம் என்று ஐயுற்று ஊசி போட்டனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் காலிலும் உபாதை இருந்தது. ஆகவே, கால்வரை ஓடும் வலியெல்லாம் டிஸ்க்கின் வேலை என்று கொள்வதற்கில்லை. ஊசிகளுக்கும் அடங்காமல் அறுவை மருத்துவத்துக்குச் சென்றோர் 19 பேர் மட்டுமே. மருத்துவமனையைத் தேடி வந்தோரிடையே எடுத்த கணக்கு இது. தெருவில் போகும் எல்லார்க்கும் இதே விகிதம் என்று பொருளாகாது.

நோயை அறியும் முறை எளியது. இடுப்பெலும்புக் கரையில், நரம்பு தாண்டும் இடத்தில் குறிப்பான வலி இருக்கவேண்டும். அங்கே அழுத்தினால் நோயாளி அன்றாடம் அனுபவிக்கும் அதே வலி எழவேண்டும். மரத்துப்போகும் ஊசியால் அது தணியவேண்டும். இந்நரம்பு தோலுணர்ச்சிக்கு மட்டுமே உரியது. எனவே, கால் தசை வலுவிழந்தால் காரணம் வேறிடத்தில் உள்ளது என்று அறிக.

கத்தி என்ன செய்கிறது?

அண்ணனுக்கு ஊசி பலமுறை போட்டும் வலி திரும்பிக்கொண்டே இருந்தது. பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. இறுதியில் நரம்பை விடுவிக்கும் அறுவைக்கு ஒப்புக்கொண்டார். முழு மயக்கம் தரவில்லை. அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, தோலைக் கீறி, நரம்பைத் தேடிப்பிடித்து, அதை நெரிக்கும் சவ்வை அறுத்து வாசலை அகலமாக்கினார்கள். முதுகெலும்பைத் தொடவே இல்லை. நோயாளி விழித்திருப்பதால், மருத்துவர் தொடும் இடம் சரியானதுதானா என்று கேட்டுக்கேட்டுச் செய்ய முடிகிறது. அம்மாவின் சங்கிலி கழுத்துக்கே திரும்பியது.

இதனைப் படித்துவிட்டு இது ஒரு மந்திரக்கோல் என்று எவரும் எண்ணிவிடலாகாது. நரம்பின் கிளைகள் பல. ஒன்றை விடுவித்தால் மற்றொன்று சிக்கியிருக்கலாம். சிலருக்கு வலி மீண்டும் வந்து இரண்டாம் முறை அறுவை செய்ய நேர்ந்துள்ளது. டிஸ்க் கோளாறும் இதுவும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு.

நிறைவை அளப்பது எப்படி?

அறுவை வென்றதா என்பதை யார் சொல்வது? மருத்துவர் சொல்வது ஒன்று. படம் சொல்வது ஒன்று. நோயாளி சொல்வது மற்றொன்று. இம்மூன்றும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வலியை அளக்க வெப்பமானி போன்ற கருவி கிடையாது. 0 முதல் 10 வரை எண்களைக் கொடுத்து, "வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10, உங்கள் வலி எத்தனை?" என்று கேட்கிறார்கள். இது முதல் அளவுகோல்.

இரண்டாவது, செயலை அளப்பது. 1983-இல் ரோலண்ட், மோரிஸ் என்னும் இருவர் 24 வாக்கியங்கள் கொண்ட ஒரு வினாத்தாளை வெளியிட்டனர். படியேறுவது, உடை உடுத்துவது, படுக்கையில் புரள்வது போன்ற அன்றாடச் செயல்கள் அதில் உள்ளன. முதுகு வலியால் இன்று எவையெல்லாம் தடைபட்டன என்று நோயாளி குறிக்கவேண்டும். 24-க்கு எத்தனை என்பதே மதிப்பெண். தேர்வுக்கு நேர்மாறாக, இங்கே குறைவாக வாங்குபவனே கெட்டிக்காரன்.

மூன்றாவதுதான் மனநிறைவு. "இந்தச் சிகிச்சையால் திருப்தி அடைந்தீர்களா?" என்ற ஒரே கேள்வி. கேட்பதற்கு எளிது, விடையைப் பொருள்கொள்வது கடினம். ஏனெனில், அந்த விடைக்குள் வலி மட்டும் இருப்பதில்லை. எதிர்பார்ப்பு இருக்கிறது. மருத்துவர் முகம் கொடுத்துப் பேசினாரா என்பது இருக்கிறது. செலவான பணம் இருக்கிறது. இத்தனைப் பாடுபட்ட பின் "பயனில்லை" என்று சொல்ல வாய் வராத தயக்கமும் இருக்கிறது.

இந்தக் கடைசிச் செய்தியை நிறுவிக் காட்டியது 2002-இல் வெளியான ஓர் ஆய்வு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மோஸ்லி என்னும் மருத்துவர், மூட்டுத் தேய்மானத்தால் முழங்கால் வலியுற்ற 180 பேரை மூன்று குழுவாக்கினார். இரு குழுவினர்க்கு உண்மையான துளை அறுவை. மூன்றாம் குழுவினர்க்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார். யாருக்கு எது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, உண்மை அறுவை பெற்றோர், பொய்யறுவை பெற்றோரைவிட எவ்வகையிலும் மேலாக இல்லை. நோயாளிகள் பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருளில்லை. தங்களுக்கு ஏதோ செய்யப்பட்டது என்ற நம்பிக்கையும், காலத்தின் போக்கில் தானே தணியும் இயல்பும் வலியின் மேல் அவ்வளவு ஆட்சி செலுத்துகின்றன.

குளூனியல் நரம்பு அறுவை பற்றிய அறிக்கைகள் பெரும்பாலும் ஒப்பீட்டுக் குழு இல்லாதவை. நோயாளிகள் பலர் நலமடைந்தனர் என்று அவை கூறுவதை நான் நம்புகிறேன். ஆனால், கத்தியால் வந்த நலம் எவ்வளவு, நம்பிக்கையால் வந்தது எவ்வளவு என்று அவற்றைக் கொண்டு பிரித்துச் சொல்ல இயலாது.

இரண்டு பேர், ஒரே எண்

இனி நான் கண்ணால் கண்டது. அறுவைக்கு முன் அண்ணன் சொன்ன எண் 8. மூன்று மாதம் கழித்து 3. மருத்துவமனைத் தாளில் "மிகவும் திருப்தி" என்ற கட்டத்தில் குறியிட்டார். அன்று இரவு பாயில் புரள முடியாமல் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்ததை நான் பார்த்தேன். "அப்புறம் ஏண்ணா மிகவும் திருப்தின்னு போட்ட?" என்று கேட்டேன். "அந்த டாக்டர் எனக்காக எவ்வளவு நேரம் நின்னாரு! அவர் மனசு நோகும்படி எப்படிடா போடறது?" என்றார்.

அண்ணனின் அறையில் தங்கியிருந்த நண்பர் ஒருவருக்கு உண்மையிலேயே டிஸ்க் நழுவி நரம்பு வேரை அழுத்தியது. கால் வலுவிழந்ததால் அவருக்கு முதுகெலும்பு அறுவை செய்தார்கள். முறையான அறுவைதான்; காலும் தேறிவிட்டது. அவரும் சொன்ன எண் 3. ஆனால், தாளில் அவர் "திருப்தி இல்லை" என்று குறித்தார். காரணம் கேட்டேன். மூன்று மாதம் வேலைக்கு வராததால் கான்ட்ராக்டர் அவர் இடத்தில் வேறொருவரை வைத்துவிட்டார். "கால் வந்துடுச்சு தம்பி, வேலை போயிடுச்சு. இதுல எதுக்குத் திருப்தின்னு எழுத?" என்றார்.

இரண்டு தாள்களையும் அறியாத ஒருவர் கையில் கொடுத்தால், முதல் அறுவை வெற்றி, இரண்டாவது தோல்வி என்பார். இரண்டுமே தவறான முடிவு. முதல் தாளில் இருந்தது நன்றி. இரண்டாம் தாளில் இருந்தது பட்டினி பற்றிய அச்சம்.

வேலைக்கும் முதுகுக்கும் உள்ள இந்த உறவை 1991-லேயே ஓர் ஆய்வு தொட்டுக் காட்டியுள்ளது. அமெரிக்காவின் போயிங் விமான ஆலைத் தொழிலாளர் 3,020 பேரைப் பிகோஸ் என்னும் மருத்துவரின் குழு நான்கு ஆண்டுகள்போல் கவனித்தது. தம் வேலையில் மகிழ்ச்சியே காணாதவர்கள், மகிழ்ச்சியோடு செய்பவர்களைவிட இரண்டரை மடங்கு அதிகமாக முதுகு உபாதையைப் பதிவு செய்தார்கள். இதைக் கொண்டு "வலியெல்லாம் மனப்பிரமை" என்று மேலதிகாரிகள் சொல்லத் துணியக்கூடாது. மனிதன் இடுப்பை மட்டும் வேலைக்கு அனுப்புவதில்லை. முழு மனிதனாகத்தான் வாயிலில் நுழைகிறான் என்பதே இதன் பாடம்.

பதினொரு கிலோ

அண்ணனின் வேலை, தரையில் இருக்கும் இரும்புத் தொட்டியிலிருந்து வார்ப்பை எடுத்து, பக்கவாட்டில் திரும்பி எந்திரத்தில் வைப்பது. ஒரு வார்ப்பின் எடை 11 கிலோ. "பதினொரு கிலோதானே, அரிசி மூட்டையா?" என்று சூப்பர்வைசர் கேட்டாராம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனமாகிய நியாஷ், 1991-இல் திருத்தியமைத்த ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. எல்லாம் வசதியாக அமைந்தால் ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோ. வசதி குறையக் குறைய இதை ஒரு பின்னத்தால் பெருக்கவேண்டும். தரை மட்டத்திலிருந்து எடுத்தால் 0.78. உடம்பிலிருந்து 50 செ.மீ. தள்ளி எட்டி எடுத்தால் 0.5. செங்கோணமாகத் திரும்பினால் 0.71. நான்கையும் பெருக்கினால் 6.4 கிலோ வருகிறது. எத்தனை முறை தூக்குகிறார், எவ்வளவு உயரம் தூக்குகிறார் என்பவற்றையும் சேர்த்தால் இன்னும் குறையும். ஆக, 11 கிலோ என்பது அந்த நிலையில் ஏறத்தாழ இரட்டைச் சுமை. தொட்டியை மேசை உயரத்துக்கு ஏற்றி, எந்திரத்துக்கு நேரே வைத்தால் அதே 11 கிலோ வரம்புக்குள் அடங்கக்கூடும். இதற்கு வேண்டியது ஓர் இரும்பு ஸ்டாண்டு.

நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே, காயம் விளைவிக்கக்கூடிய அளவு எடையை எவரையும் தூக்கவைக்கலாகாது என்று 34-ஆம் பிரிவில் விதித்தது. எடையைப் பற்றிச் சட்டம் பேசியது. தொட்டி எங்கே இருக்கிறது என்பதை நாம்தான் பார்க்கவேண்டும்.

அண்ணன் வேலைக்குத் திரும்பியபோது அதே தொட்டிதான் காத்திருந்தது. மூன்றாக இருந்த எண் ஐந்தாயிற்று. நல்வினைப் பயனாக எட்டாம் மாதத்தில் சோதனைப் பிரிவில் ஓர் இடம் காலியாகி, அங்கே மாற்றப்பட்டார். எண் 2 ஆயிற்று. சென்ற பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது, தன் மூன்று வயது மகளைத் தரையிலிருந்து தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மாட்டு ஊர்வலம் பார்க்கப் போனார். "இப்ப கேட்டா போடுவேண்டா, மிகவும் திருப்தின்னு" என்றார். இப்போது அவரிடம் கேட்பார் எவரும் இல்லை. மருத்துவமனையின் தாள் மூன்றாம் மாதத்தோடு முடிந்துவிட்டது.

நண்பர்களுக்குச் சில சொற்கள்

நம்மில் பலர் பட்டம் பெற்றதும் இந்தச் சாலையில்தான் பஸ் ஏறப்போகிறோம். எனவே, சில செய்திகளை மனத்தில் வைப்பது நல்லது.

புதிதாக வரும் இடுப்பு வலி பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே தணியும். படுத்தே கிடக்காமல் இயன்றவரை நடமாடுவது நலம். ஆனால், சிறுநீர் மலம் அடக்க முடியாமை, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், கால் வலுவிழத்தல், காய்ச்சலோடு வலி, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லவேண்டும்.

அறுவை வேண்டும் என்று சொல்லப்பட்டால் நான்கு கேள்விகள் கேளுங்கள். என் வலிக்குக் காரணம் இதுதான் என்று எதைக் கொண்டு சொல்கிறீர்கள்? அறுவை இன்றிப் பார்க்கும் வழி முடிந்துவிட்டதா? எந்த வலி குறையும், எது குறையாது? எப்போது, எந்த வேலைக்குத் திரும்பலாம்? இவற்றுக்குப் பொறுமையாக விடை சொல்லும் மருத்துவரிடம் எதிர்பார்ப்பும் அளவோடு அமையும். அளவோடு எதிர்பார்ப்பவனுக்கே நிறைவும் கிட்டும்.

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார் வள்ளுவர். நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து அதைக் கொடுப்பவன் என்பன அவை. நோயுற்றவனை முதலில் வைத்தது அவர் கண்ட உண்மை. ஒரகடத்துச் சாலையில் நின்று பார்க்கும் எனக்கு ஐந்தாவது கூறு ஒன்றும் தெரிகிறது. அவன் நலமடைந்தபின் திரும்பிச் சென்று நிற்கும் இடம் அது. அந்த இடத்தில் ஓர் இரும்பு ஸ்டாண்டு இருக்கிறதா என்று பார்க்கும் பொறியாளராகவோ, சூப்பர்வைசராகவோ, தொழிற்சங்க உறுப்பினராகவோ நம்முள் ஒருவர் நாளை அமரக்கூடும். அப்படி அமரும் நண்பர், தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஒரு முறை அளந்து பார்க்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.